சாய்கதிரை வாங்கப் போகும் தங்கச்சிக்கு: முதலில் கொட்டிலில் கிடப்பதைத் திருப்பிப் பாருங்கள்

பிறகு வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அப்பாவின் பழைய வீட்டைத் திருத்தி முடித்திருக்கிறார். முன் விறாந்தையை ஒட்டிய ஹோலுக்கு, விண்டேஜ் மொடேர்ன் என்று சொல்கிற பாணியில் ஒரு சாய்கதிரை வேண்டுமாம். அதற்கு மூன்று வழி இருக்கிறது. கொழும்பில் ஒருவர், ஈம்ஸ் தம்பதி வடிவமைத்த பெயர்போன அமெரிக்கக் கதிரை, எழுபதுகளில் வந்த அசல் என்று சொல்லி ஒரு கறுப்புத் தோல் கதிரையைக் காட்டியிருக்கிறார். டென்மார்க்கில் இருக்கும் மச்சாள், அங்கே பழைய தேக்குக் கதிரை நல்ல விலைக்குக் கிடைக்கிறது, கப்பலில் போகும் சாமானோடு சேர்த்து அனுப்புகிறேன் என்கிறார். மூன்றாவது அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை. பிரம்பு அறுந்து பின் கொட்டிலில் கிடக்கிறது. அதன் படத்தைப் போட்டு, என்ன மரம் என்றும் கேட்டிருக்கிறார். இந்த மூன்றில் எது திறம் என்பது அவர் கேட்டது.

ஆனால் அவர் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வருத்தம். பின்னேரங்களில் அவர்தான் கூடுதலாக இருப்பார்." அப்படியென்றால் எது வடிவு, எது அசல் என்பது இரண்டாவது கேள்வி. அந்த அம்மா தானாக இருந்து, யாருடைய கையும் பிடிக்காமல் எழும்பக்கூடிய கதிரை எது? அது யாழ்ப்பாணத்து உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் எத்தனை வருடம் தாங்கும்? பழுதானால் இங்கேயே திருத்த ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பெயரைப் பார்த்துக் கதிரை வாங்கக்கூடாது.

என்னைப் பற்றி ஓரிரு வரி. அப்பா ஓடாவி, மரவேலைக்காரர். அவரிடம்தான் உளி பிடிக்கப் பழகினேன். 1986இல் டென்மார்க் போனேன். யூட்லாந்தில் பழைய கதிரைகளைத் திருத்தும் ஒரு சிறிய பட்டறையில் பல வருடம் வேலை செய்தேன். 2010இல் திரும்பி வந்த பிறகு கொக்குவிலில் அதே வேலையைச் செய்கிறேன். மரம், பொருத்து, பிரம்பு, மெத்தையைத் தாங்கும் உள்வார், மெத்தை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். தோலின் வயதைக் கணிப்பதும் ஏலச்சந்தை விலை சொல்வதும் என் தொழில் அல்ல. படத்தை மட்டும் பார்த்து இது இன்ன மரம், அசல்தான் என்று யார் அடித்துச் சொன்னாலும் கவனமாக இருங்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் நானும் அப்படிச் சொல்லமாட்டேன்.

விண்டேஜ் மொடேர்ன் என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் 1930களிலிருந்து 1970கள் வரை வந்த கதிரைகளை. செதுக்குச் சித்திரம் இல்லாமல், மெல்லிய கால்களோடு, சாய்ந்த முதுகோடு, உள்ளே எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதை மறைக்காமல் செய்தவை. இந்தப் பாணியை முழுக்க மேற்கிலிருந்து வந்ததாக நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் நவீன தளபாடத்துக்குத் தொடக்கம் போட்டவர்களில் ஒருவரான கோரே கிளிண்ட் 1933இல் சஃபாரி கதிரை என்று ஒன்றைச் செய்தார். அதற்கு மூலம் வட இந்தியாவின் ரூர்க்கி நகரத்துப் பெயரைக் கொண்ட இராணுவக் கூடாரக் கதிரை. பசை இல்லாமல் நான்கு காலும் குறுக்குச் சட்டங்களும் துணியுமாகப் பொருத்தி, கழற்றிப் பொதியில் கட்டக்கூடியது. மேடு பள்ளமான நிலத்தில் வைத்தாலும் பொருத்துகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் நான்கு காலும் நிலத்தில் பதியும். அதேபோல, 1950களில் சண்டிகார் நகரத்தைக் கட்டியபோது அதைத் திட்டமிட்ட கட்டடக்கலைஞர் லு கோர்புசியேயின் உறவினரான பியர் ஜானெரே அங்குள்ள அலுவலகங்களுக்காகச் செய்வித்த கதிரைகள் தேக்கும் பிரம்பும்தான். அங்குள்ள பட்டறைகளில் கையால் செய்தவை. பழுதானவுடன் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் குவித்துப் போட்டார்கள். பிறகு ஐரோப்பிய ஏலங்களில் அவற்றுக்குப் பெரிய விலை வந்தது. வெயில் நாட்டுக்குப் பிரம்பும் காற்றோட்டமும்தான் சரி என்று நவீனக் கட்டடக்காரர்களே கண்டுகொண்டார்கள். அப்பப்பாவின் கதிரையை நான் இரண்டாந்தரமாக நினைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் சொல்லும் கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயரின் கதெய்ரா. மேசையும் அலுமாரியும் அந்த வழியில் வந்த சொற்கள்தான். வெளியிலிருந்து வந்த பொருளை எங்கள் விறாந்தைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இங்கே பழைய பழக்கம்.

சரி, கொழும்புக் கதிரைக்கு வருவோம். சார்ள்ஸ் ஈம்ஸும் அவருடைய மனைவி ரே ஈம்ஸும் வடிவமைத்த இந்தக் கதிரையை 1956இல் அமெரிக்காவில் ஹேர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்டது. கதிரைக்கு 670, காலை நீட்டி வைக்கும் முக்காலிக்கு 671 என்று இலக்கம். ஐரோப்பாவில் அதை உரிமத்தோடு செய்வது விட்ரா. உலகத்திலேயே ஆகக்கூடுதலாகப் போலி செய்யப்படும் கதிரைகளில் இது ஒன்று. ஆகவே அசல் என்று ஒருவர் சொன்னால் நிரூபிக்க வேண்டியது அவர்தான். நீங்களே பார்த்துச் சொல்லக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. அசலில் கதிரையின் அடிக்கால் ஐந்து கிளை, முக்காலியின் அடிக்கால் நான்கு கிளை. கதிரைக்கே நான்கு கிளை என்றால் போலி. முதுகை முன்பின்னாகச் சாய்க்க ஒரு பிடி அல்லது திருகு இருந்தாலும் போலி. அசல் சுழலும், ஆனால் அதன் சாய்வு நிரந்தரமானது. வளைத்த மர ஓடுகளின் வெளிப்பக்கத்தில் ஸ்குரூ ஆணித் தலை தெரியக்கூடாது. ஓட்டின் விளிம்பைப் பார்த்தால் பிளைவூட் அடுக்குகளை எண்ணலாம். பழையவற்றில் ஐந்து, பிந்தியவற்றில் ஏழு. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம், சீட்டு அடிப்பது கதிரை அடிப்பதைவிட இலகு.

இந்தச் சோதனைகள் எல்லாம் போலியை ஒதுக்குவதற்குத்தான் உதவும். இவற்றில் தேறிவிட்டது என்பதற்காக அசல் என்று ஆகிவிடாது, நல்ல போலிகளும் இவற்றில் சிலதைத் தாண்டிவிடும். எழுபதுகளில் வந்த அசல் என்றால் மேல்தகடு, அதாவது வெளியே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, பிரேசில் ரோஸ்வூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மரம் 1992 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அல்லது அங்கே விற்க நினைத்தால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் முடியாது. இதை விற்பவர் சொல்லமாட்டார்.

அசலாகவே இருக்கட்டும். அப்போதும் உங்கள் வீட்டுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கதிரையில் முதுகு மர ஓடும் இருக்கை மர ஓடும் இணைந்திருப்பது ஸ்குரூவால் அல்ல, கைப்பிடிக்குள்ளே மரத்தில் பசை போட்டு ஒட்டிய இறப்பர் வில்லைகளால். அவை காலத்தோடு இறுகி, ஒருநாள் பசை விட்டுவிடும். சாய்ந்திருக்கும்போது விட்டால் ஆள் விழுவது மட்டுமல்ல, மர ஓடும் வெடித்துப் போகலாம். வயதான கதிரை என்றால் அந்த வில்லைகளை மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் தோல். ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரைக்கும் ஈரம் காயாத நாட்களில் தோல் மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு தரம் துடைத்துக் காற்றில் வைக்க உங்களுக்கு நேரம் இருக்குமா? அடிக்கால் வார்ப்பு அலுமினியம். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ தூரம் இல்லை. கவனிக்காமல் விட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். குரோம் பூசிய இரும்புக் கால் உள்ள மற்றக் கதிரைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். பூச்சில் ஒரு சிறு புள்ளி விட்டாலே போதும், உள்ளே இரும்பு துருப்பிடித்துப் பூச்சு உரியத் தொடங்கும். எல்லாவற்றையும்விட, இருக்கையின் முன்விளிம்பு நிலத்திலிருந்து ஏறக்குறைய 38 சென்ரிமீற்றர்தான். அதோடு பின்பக்கம் சரிந்து இருக்கும். முழங்கால் வருத்தக்காரர் அதிலிருந்து எழும்புவது பெரும் பாடு.

டென்மார்க் தேக்குக் கதிரை வேறு விதம். போர் முடிந்த பிறகு அங்கே தென்கிழக்காசியத் தேக்கு தாராளமாக வந்தது. ஃபின் யூல், ஹான்ஸ் வெக்னர் போன்றவர்களின் வடிவமைப்புகள் பெயர் பெற்றன. வெக்னர் 1949இல் செய்த வட்டக் கதிரையில்தான் 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்துக்கு இருந்தார்கள். இருந்தாலும் மச்சாளிடம் பெயர் போன வடிவமைப்பாளரின் கதிரையைத் தேடச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பெயரில்லாத சிறு தொழிற்சாலைகளும் நல்ல தேக்கில், நல்ல கழுந்து (ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகும் பொருத்து) போட்டு, ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. நான் கையால் திருத்தியவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான். பெயர் இல்லை என்பதால் அவை பலவீனமானவை என்று நான் ஒருபோதும் கண்டதில்லை.

தேக்கின் வைரம், அதாவது உள்மரம், கறையானுக்கும் பூச்சிக்கும் இலகுவில் இடம் கொடுக்காது. வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம், கொடுக்கும். கதிரையின் அடிப்பக்கத்தில், காலின் உட்பக்கத்தில், வெளிர்மஞ்சளாக ஒரு கீற்று ஓடுகிறதா என்று மச்சாள் பார்க்கட்டும். அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில் நகத்தளவு சுரண்டி மணந்து பார்த்தால் தேக்கு பழைய தோலும் எண்ணெயும் கலந்த ஒரு மணம் தரும். தொட்டால் மெழுகு பூசியதுபோல இருக்கும். சாயம் பூசிய வேறு மரத்தில் இந்த இரண்டும் வராது.

அங்கிருந்து இங்கே வரும்போது மரத்துக்கு நடப்பது ஒன்று இருக்கிறது, அதை அறிந்து வைத்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சூடாக்கிய வீட்டில் இருந்த மரத்தில் ஈரம் 7, 8 வீதம் அளவில் இருக்கும். எங்கள் காற்றில் அது மெல்ல மெல்ல 14, 15 வீதத்துக்கு வரும். நாருக்குக் குறுக்கே 10 சென்ரிமீற்றர் அகலமான தேக்குப் பலகை அதனால் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் பருக்கும். நீளவாக்கில் அசையாது. முழு மரத்தில் செய்த கதிரைக்கு இது பெரிய கேடில்லை, பொருத்துகள் இறுகத்தான் செய்யும். மெல்லிய மேல்தகடு ஒட்டிய கதிரை என்றால் தகடு குமிழ் விடலாம். வந்திறங்கியவுடன் வெயில் படும் விறாந்தையில் வைக்காமல், இரண்டு மாதம் உள்ளறையில் வைத்துவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள்.

உண்மையில் காலை வாருவது மரமல்ல, உள்வார். ஐம்பதுகளிலிருந்து மெத்தைக்கு அடியில் சுருள்கம்பிக்குப் பதிலாக இறப்பர் வார் போடத் தொடங்கினார்கள். நான் திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு தேக்குச் சாய்கதிரையைக் கொண்டுவந்தேன். அங்கே பத்து வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த கதிரை. இங்கே முதல் பங்குனி வெயிலிலேயே வார்கள் விறைத்து வெடிப்பு விட்டுவிட்டன. அக்கா வந்து இருந்தபோது மூன்று வார் ஒன்றாக அறுந்தன. அடிச்சட்டம் தாங்கியதால் காயமில்லை. அன்றிலிருந்து யார் கதிரை கொண்டுவந்தாலும், வாரை விரலால் இழுத்து மடித்துப் பார்க்காமல் அதில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை. மடிக்கும்போது வெடிப்புத் தெரிந்தால், எப்படி அசலாக இருந்தாலும் கழற்றி எறிய வேண்டியதுதான். பழைய ஸ்பொன்ஞ் மெத்தைக்கும் இதே கதிதான். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது மாவாக உதிரும். இரண்டையும் இங்கேயே புதிதாகப் போடலாம், அதைச் செலவில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நான் இறப்பருக்குப் பதில் பருத்தி அல்லது சணல் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிறேன். நெகிழ்வு குறைவு, ஆனால் முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு நெகிழாத இருக்கைதான் நல்லது.

அம்மாவின் உடம்புக்கு வருகிறேன், இதுதான் முழுக் கேள்வியின் மையம். ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அம்மாவை வீட்டில் உள்ள கடினமான வாங்கில் இருத்துங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதம் முழுவதும் நிலத்தில் பதிய வேண்டும். நிலத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் ஒரு அளவு. பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் இன்னொரு அளவு. முதல் அளவைவிட இருக்கை தாழ்வாக இருக்கக்கூடாது, மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயரமாக இருந்தால் எழும்ப இன்னும் இலகு. எங்கள் அம்மாமாரில் பலருக்கு 43 முதல் 46 சென்ரிமீற்றர் சரிவரும். இது மெத்தையில் ஆள் இருந்து அது அமுங்கிய பிறகு உள்ள உயரம், கடைக்காரர் வெறும் கதிரையில் அளந்து சொல்லும் உயரமல்ல. இரண்டுக்கும் இடையில் ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசம் வருவது சாதாரணம். இருக்கையின் ஆழம் இரண்டாவது அளவைவிட நான்கு விரல் குறைவாக இருக்க வேண்டும். ஐரோப்பியச் சாய்கதிரைகள் நெடிய உடம்புக்குச் செய்தவை, பலதும் 50 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல். எங்களவர்கள் அதில் இருந்தால் முதுகு பின்னால் எட்டாது, எட்டினால் கால் நிலத்தில் படாது. பிறகு தலையணை மேல் தலையணையாக அடுக்கி வைப்பார்கள்.

கைப்பிடி அமுங்கிய இருக்கையிலிருந்து 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் தோள் தூக்காமல் கை படுக்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று கைப்பிடியின் நீளம். அது இருக்கையின் முன்விளிம்பு வரைக்கும் வர வேண்டும். எழும்பும்போது கையை ஊன்றுவது அந்த நுனியில்தான். வடிவுக்காகக் கைப்பிடியைப் பாதியில் வெட்டிய மொடேர்ன் கதிரைகள் உண்டு, அவை அம்மாவுக்கு உதவாது. இன்னொன்று, இருந்த நிலையிலிருந்து எழும்ப எவருக்கும் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து இருக்கைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். முன்கால்களுக்கு இடையில் தாழ்வாக ஒரு குறுக்குச் சட்டம் ஓடினால் குதிக்கால் அதில் இடிக்கும், எழும்ப முடியாது. கதிரை வாங்குகிறவர்கள் முதுகைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், எழும்பிப் பார்ப்பதில்லை. ஐந்து தரம் இருந்து ஐந்து தரம் கை ஊன்றி எழும்பச் சொல்லுங்கள். ஐந்தாவது தரத்தில் அம்மாவின் முகத்தைப் பாருங்கள், விடை அதில் இருக்கும்.

இப்போது கொட்டிலில் கிடக்கும் கதிரை. 1995 ஐப்பசியில் போரினால் சனம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது கைவிட்ட வீடுகளில், திரும்பி வந்து பார்த்தபோது நிலைக்கதவுகூட இல்லாத வீடுகள் எத்தனையோ. அதைத் தாண்டி ஒரு சாய்மனைக் கதிரை உங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கிறது என்றால், அதைத் திருப்பிப் பார்க்காமல் கடைக்குப் போக என் மனம் கேட்காது. வெளியே எடுத்து, தூசி தட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். முதலில் பூச்சி. கறுப்புத் தாள் அல்லது துணி ஒன்றை விரித்து அதன்மேல் கதிரையை ஒரு கிழமை விடுங்கள். கசகசா போலச் சிறு மணிகள், உற்றுப் பார்த்தால் ஆறு பட்டை உள்ளவை விழுந்திருந்தால் அது உலர்மரக் கறையான். அரிசிமா போல நைசான தூள் என்றால் துளைக்கும் வண்டு. ஒன்றும் விழவில்லை, பழைய துளைகள் மட்டும் இருக்கின்றன என்றால் பெரும்பாலும் அது முடிந்துபோன கதை. ஒரு கிழமைச் சோதனை முழு உறுதி தராது என்பதால், சித்திரை வைகாசியில் இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து ஏறும் கறையான் என்றால் காலின் அடியில் மண்பூச்சுத் தெரியும். அப்படிக் கண்டால் காலின் அடி எவ்வளவு உளுத்திருக்கிறது என்று ஒரு கூர் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி ஒரு சென்ரிமீற்றர் இலகுவாக இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டிப் புது மரம் பொருத்த வேண்டும். அது முடியாத வேலை அல்ல.

பிறகு பொருத்து. இரண்டு கையாலும் முதுகுச் சட்டத்தைப் பிடித்துக் குறுக்காக ஆட்டுங்கள். ஆடினால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கதிரைகளில் கழுந்துக்கு மாட்டுத்தோல் காய்ச்சிய வச்சிரப் பசைதான் போடுவார்கள். வச்சிரம் ஈரத்தில் இளகும். அதன் நன்மையும் அதுதான், வெந்நீர் கொண்டு இளக்கி, கழற்றி, துப்புரவாக்கி மறுபடி ஒட்டலாம். யாராவது இடையில் ஆணி அடித்திருந்தால்தான் எனக்குக் கவலை. ஆணி அடித்த கழுந்து உள்ளே வெடித்திருக்கும். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்போது கடையில் விற்கும் எபொக்சி பசையைக் கொண்டு நீங்களே ஒட்டிவிடாதீர்கள். ஒருதரம் அப்படி ஒட்டினால் அடுத்த ஐம்பது வருடத்துக்கு எந்த ஓடாவியாலும் அந்தப் பொருத்தைத் திறக்க முடியாது.

மரம் என்னவென்று கேட்டிருந்தீர்கள். படத்தில் தெரிகிற நிறம் பழைய வார்னிஷின் நிறம், மரத்தினுடையதல்ல. வன்னியிலிருந்து வந்த முதிரையாக இருந்தால் தூக்கும்போதே தெரியும், அப்படி ஒரு பாரம். சுரண்டினால் பொன்மஞ்சள். தேக்கு என்றால் மேலே சொன்ன மணம். வேம்பாகவும் இருக்கலாம், அந்தக் காலத்தில் வளவில் தறித்த வேம்பிலேயே பலர் கதிரை செய்வித்தார்கள். பூச்சிக்கு நல்லது, ஆனால் சரியாகக் காயாத வேம்பு முறுக்கிக்கொள்ளும். நான்கு காலும் சமதரையில் பதிகிறதா என்று பாருங்கள்.

பிரம்பைப் பொறுத்தவரை, சட்டத்தைச் சுற்றிச் சிறு துளைகள் வரிசையாக இருந்தால் கையால் பின்னியது. துளை இல்லாமல் ஒரு நீள் பள்ளம் ஓடினால் ஆயத்தமாகப் பின்னிய பாயை வைத்து அமுக்கியது. கைப்பின்னல் நாள்கணக்கில் எடுக்கும், கூலியும் கூட, ஆனால் இரண்டு மடங்கு காலம் தாங்கும் என்பது என் அனுபவம். அறாமல் தொய்ந்து மட்டும் இருக்கிற பின்னல் என்றால், வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் வைத்து ஊறவிட்டு, நிழலில் காயவிடுங்கள். பிரம்பின் மேற்பக்கம் பளபளப்பான தோல், தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம் குடித்துக் காயும்போது இறுகும். உங்களுடையது அறுந்துவிட்டதால் புதிதாகத்தான் பின்ன வேண்டும். இங்கே பின்னுபவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள், ஆனால் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் வயரால் பின்னச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். தண்ணீருக்கு நல்லது, மலிவு, பல வீடுகளில் அப்படித்தான். வெயிலில் முதுகு வியர்த்து ஒட்டும் என்பதாலும், இறுக்கிப் பின்னும்போது பழைய துளைகளின் ஓரம் வெடிக்கும் என்பதாலும் நான் அதைச் செய்வதில்லை.

ஆனால் அம்மாவுக்கு அந்தக் கதிரை சரியா? சாய்மனைக் கதிரை இருந்து எழும்புவதற்கல்ல, கிடந்து கண்ணயர்வதற்கு. இருக்கை பின்னுக்குச் சரிந்து தாழ்ந்திருக்கும். காலைத் தூக்கி வைக்கவென்று கைப்பிடி முன்னால் நீண்டிருக்கும், எழும்பும்போது அந்த நீளமே இடையூறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. 72 வயது முழங்காலுக்கு அது பொருந்தாது. பின்காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினால் சரிவு கொஞ்சம் குறையும், ஆனால் சாய்மானத்தின் சுகமும் போய்விடும். அப்பப்பாவின் கதிரையை அப்படி மாற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. கொழும்புக் கதிரையை விட்டுவிடுவேன். அப்பப்பாவின் கதிரையைப் பூச்சி பார்த்து, பொருத்துத் திருத்தி, பிரம்பு பின்னி, வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு அரக்குப் பொலிஷ் மட்டும் மெல்லிதாகப் போட்டு ஹோலில் வைப்பேன். நீங்கள் விரும்பும் அந்த மொடேர்ன் தோற்றம், சுற்றியிருப்பதை எளிமையாக வைத்தால் அந்தக் கதிரையிலேயே வந்துவிடும். அம்மாவுக்கென்று தனியாக ஒன்று. மச்சாளிடம் மேலே சொன்ன அளவுகளை எழுதி அனுப்புங்கள்: அமுங்கிய இருக்கை உயரம், ஆழம், கைப்பிடி முன்வரை வருகிறதா, முன்கால்களுக்கு இடையில் சட்டம் இருக்கிறதா. டென்மார்க்கில் வயதானவர்களுக்கென்றே உயர்ந்த முதுகும் உயர்ந்த இருக்கையும் வைத்துச் செய்த பழைய கதிரைகள் நிறைய உண்டு. வடிவமைப்பாளர் பெயர் இல்லாததால் விலை குறைவு. அளவு சரிவந்தால் அனுப்பட்டும், வாரும் ஸ்பொன்ஞ்சும் இங்கே மாற்றுவோம் என்று சொல்லுங்கள். மெத்தையை அங்கேயே விட்டுச் சட்டத்தை மட்டும் அனுப்பினால் கப்பலில் இடமும் மிச்சம். அளவு சரிவராவிட்டால் இரக்கப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நல்ல ஓடாவி ஒருவரிடம் அதே அளவில் தேக்கிலோ முதிரையிலோ ஒன்று செய்வியுங்கள். ஐம்பதுகளின் கதிரைப் படம் ஒன்றைக் காட்டினால் போதும், எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோடுகள் புதிதல்ல.

என் கருத்தை மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. கறுப்புத் தாளில் தூள் தொடர்ந்து விழுந்து, ஊசியும் கைப்பிடி, முதுகுச் சட்டம் என்று பல இடத்தில் இறங்கினால், அப்பப்பாவின் கதிரையை வீட்டுக்குள்ளே எடுக்க வேண்டாம். புதுக்கூரை மரத்துக்கும் அந்தப் பூச்சி பரவும். அப்படியானால் நல்லாய் இருக்கும் ஒரு கைப்பிடியையாவது வெட்டி எடுத்து அம்மாவின் புதுக் கதிரையில் பொருத்தச் சொல்லி ஓடாவியைக் கேளுங்கள், நான் இரண்டு வீடுகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். எதுவானாலும் புரட்டாசிக்குள் பிரம்பு வேலையைத் தொடங்கிவிடுங்கள், மாரி தொடங்கினால் பின்னலும் காயாது, பொலிஷும் வெளிறும். கவிழ்த்து வைத்த கதிரையின் அடிப்பக்கப் படமும், காலின் அடி நான்கின் படமும், அம்மாவின் இரண்டு அளவுகளும் இங்கே போடுங்கள். அதைப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன்.